மச்சானுக்குக் கொடுக்கும் 80 பவுண்: ஒரு ஹாண்டிமேனின் காப்புறுதிக் கேள்வி

கேள்வி: ஐயா, வடமேற்கு லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறேன். பெற்றோல் நிலையத்தில் எட்டு வருடம் நின்றுவிட்டு, மூன்று வருடமாகச் சொந்தமாக ஹாண்டிமேன் வேலை செய்கிறேன். சுவரில் தட்டு அடிப்பது, குழாய் மாற்றுவது, பெயின்ட், பூட்டு, வேலி என்று எல்லாம் செய்வேன். தெரிந்தவர்கள் வீட்டு வேலைதானே என்று இதுவரை காப்புறுதி எடுக்கவில்லை. இப்போது ஒரு லெட்டிங் ஏஜென்ட் நாற்பது வீடுகளின் சில்லறை வேலைகளைத் தருவதாகச் சொல்கிறார். 2 மில்லியன் பவுணுக்குப் பப்ளிக் லயபிலிட்டி சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். சனிக்கிழமைகளில் மனைவியின் தம்பி கூட வருவார். கையில் 80 பவுண் கொடுப்பேன். போன மாதம் ஒரு ஃபிளாட்டில் டிரில் பைப்பில் பட்டு, கீழ்வீட்டுச் சீலிங் ஊறிவிட்டது. 600 பவுண் கொடுத்துச் சமாளித்தேன். அதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா? கோயிலில் ஒரு அண்ணை, "எல்லாம் ஒரே சாமான்தான், ஒன்லைனில் மலிவானதை எடு. லிமிட்டெட் கொம்பனி பதிந்தால் அதுவும் தேவையில்லை" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, ஏஜென்ட் கேட்கிற சான்றிதழ் பெரிய விஷயமில்லை. இன்றிரவே எடுத்துவிடலாம். உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்று இருந்தது போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த 80 பவுண்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த டிரில்லைப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் காப்புறுதி எதற்குக் காசு தரும், எதற்குத் தராது என்பது முழுக்க அந்த ஒரு ஓட்டைக்குள் இருக்கிறது.

நீங்கள் தட்டு அடிக்கப் போனீர்கள். பிளாஸ்டர்போர்டுக்குப் பின்னால் பைப் போகிறது. டிரில் நுனி பட்டதும் தண்ணீர் பீறிட்டிருக்கும். ஸ்டொப்கொக் எங்கே என்று அடுப்படி, கழிவறை எல்லாம் தேடியிருப்பீர்கள். நீங்கள் கண்டுபிடித்து மூடுவதற்குள் தண்ணீர் தரைக்குள் இறங்கிக் கீழே போயிருக்கும். இந்த ஒரு சம்பவத்தில் மூன்று நட்டங்கள் உண்டு. கீழ்வீட்டுச் சீலிங், காபெட், சோபா முதலாவது. மேல்வீட்டில் நீங்கள் ஓட்டை போட்ட சுவரும் பைப்பும் இரண்டாவது. தட்டைக் கழற்றித் திரும்ப அடிக்க உங்களுக்குப் போன அரைநாள் மூன்றாவது.

முதலாவதற்குப் பப்ளிக் லயபிலிட்டி பணம் தரும். இந்தக் காப்புறுதி இருப்பதே அதற்குத்தான்: உங்கள் வேலையால் இன்னொருவரின் உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்து, சட்டப்படி நீங்கள் பொறுப்பாளி என்றால் அந்த நட்டஈட்டையும் வழக்குச் செலவையும் கட்டுவது. இரண்டாவது காப்புறுதிப் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். "நீங்கள் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்த பகுதிக்கு வரும் சேதம்" என்று ஒரு விலக்கு பெரும்பாலும் இருக்கும். அந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்பதில்தான் சண்டை வரும். சுவர் மட்டுமா, பைப்பும் சேர்த்தா, அடுப்படி முழுவதுமா? வாங்குமுன் அந்த வரியைத் தேடி வாசியுங்கள். மூன்றாவது எந்தப் பத்திரத்திலும் கிடையாது. பிழையாகச் செய்த வேலையைத் திருப்பிச் செய்யும் செலவு உங்கள் பாடு. குழாயைச் சரியாக இறுக்காமல் வந்து, இரவு முழுக்கச் சொட்டி மரத்தரை பொங்கிவிட்டால் தரைக்குக் காசு வரும். குழாயை நீங்கள் போய்ச் சும்மா இறுக்கிக் கொடுக்க வேண்டும்.

"தெரிந்தவர்கள் வீட்டு வேலைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற கதை இது. கீழ்வீட்டு அன்ரி நல்லவராகவே இருக்கட்டும், வழக்குப் போடமாட்டார். ஆனால் அவர் தன் வீட்டுக் காப்புறுதியிடம் பணம் வாங்கினால், அந்தக் கொம்பனி அன்ரியின் இடத்தில் நின்று, கொடுத்த காசை உங்களிடம் அறவிடலாம். சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு நீங்கள் யார், எந்த ஊர், எந்தக் கோயில் என்பதெல்லாம் தெரியாது. கோப்பு எண் ஒன்றுதான் தெரியும். நீங்கள் கொடுத்த 600 பவுணுக்கும் ஏதாவது கையெழுத்து வாங்கினீர்களா? வாங்காவிட்டால் இப்போதாவது, "இந்தச் சேதத்துக்கு முழுவதும் இறுதியுமான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு இரண்டு வரி வாங்கி வையுங்கள். உடைமைச் சேதத்துக்கு இங்கே ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம்.

சரி, இதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா? கட்டாயம் சொல்ல வேண்டும். அனேகமான விண்ணப்பங்கள் கடந்த ஐந்து வருடத்தில் நடந்த "இழப்போ சம்பவமோ, காப்புறுதியில் கேட்டாலும் கேட்காவிட்டாலும்" என்றுதான் கேட்கும். கேள்வியே இல்லாவிட்டாலும் தொழிலுக்காக வாங்கும் காப்புறுதிக்கு 2015 ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் பொருந்தும். அது 2016 ஓகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த முக்கியமான எல்லாவற்றையும் நீங்களாகவே நேர்மையாக முன்வைக்க வேண்டும் என்கிறது. வேண்டுமென்று மறைத்தால் பத்திரத்தையே இல்லையென்று ஆக்கி, கட்டிய பிரீமியத்தையும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் விட்டதாக இருந்தால் கணக்கு வேறு. நீங்கள் 150 பவுண் கட்டியிருக்கிறீர்கள், உண்மை தெரிந்திருந்தால் 300 கேட்டிருப்பார்கள் என்று வையுங்கள். அப்போது 40,000 பவுண் நட்டஈட்டில் 20,000 மட்டும் தருவார்கள். மற்றப் பாதியை நீங்கள் எங்கே தேடுவீர்கள்? ஒரு நீர்ச்சேதத்தைச் சொன்னதற்காக யாரும் உங்களைத் துரத்தப் போவதில்லை. பிரீமியம் கொஞ்சம் கூடலாம். நீர்ச்சேதத்துக்கு நீங்கள் முதலில் கையிலிருந்து போட வேண்டிய எக்சஸ் தொகையைக் கூட்டலாம். அவ்வளவுதான்.

இனி, எல்லாம் ஒரே சாமான்தான் என்கிற அண்ணையின் கதை. மின்குமிழ் வாங்கும்போது அது சரி. ஹாண்டிமேன் காப்புறுதியில் பிழை, அதுவும் உங்கள் தொழிலுக்கு இரட்டிப்புப் பிழை. பிளம்பர் என்றால் என்ன வேலை என்று உலகத்துக்கே தெரியும். ஹாண்டிமேன் என்றால் காலையில் பூட்டு, மத்தியானம் வேலி, பின்னேரம் "தம்பி, வந்ததும் வந்தீர், அந்தக் கூரைப் பீலியையும் ஒருக்கால் பாரும்" என்று அன்ரி சொல்கிற எதுவும். உங்கள் பிழைப்பே அந்த "ஒருக்கால் பாரும்"தான். காப்புறுதிக் கொம்பனிக்கோ அந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. அது உங்கள் மனதிலுள்ள வரையறை இல்லை. கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். ஒன்று சிறு குழாய் வேலையைச் சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. ஒன்று கூரையை அடியோடு விலக்கும். ஒன்லைன் படிவத்தில் கீழே விழும் பட்டியலில் "ஹாண்டிமேன்" என்று தெரிவுசெய்து அடுத்த பக்கம் போகும்போது, வாசிக்காத ஒரு வரையறைக்கு ஓம் சொல்லிவிட்டுத்தான் போகிறீர்கள்.

அதே 2015 சட்டத்தில் பாமரனுக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. பத்திரத்தின் ஒரு நிபந்தனையை நீங்கள் மீறியிருந்தாலும், நடந்த நட்டத்துக்கான அபாயத்தை அந்த மீறல் கூட்டியிருக்கவே முடியாது என்று காட்டினால், அதைச் சாட்டாக வைத்துப் பணத்தை மறுக்க முடியாது. ஆனால் ஒட்டுமொத்த அபாயத்தையும் வரையறுக்கிற வரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. "இந்தத் தொழிலுக்கு மட்டும்" என்கிற தொழில் விவரம் அந்த வகை. ஆகவே அந்த ஒற்றை வரியில் தவறினால், மற்ற முப்பது பக்கமும் உங்களுக்கு உதவாது.

உங்கள் வேலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சில இடங்களைச் சரிபார்க்க வேண்டும். உயரம் ஒன்று. பல பத்திரங்கள் பத்து மீற்றருக்கு மேல் வேலையை ஏற்பதில்லை. தோண்டும் ஆழத்துக்கும் வரம்பு வைத்திருப்பார்கள், வேலிக் கட்டைக்குக் கிடங்கு வெட்டுகிற உங்களுக்கு அதுவும் வேண்டும். சூட்டு வேலை இன்னொன்று. பைப் ஒட்டும் புளோலாம்ப், பழைய பெயின்டை உரிக்கும் ஹீட் கன் இரண்டும் அதற்குள் வரும். சூட்டு வேலையையே விலக்கியிருப்பார்கள், அல்லது தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும், எரியக்கூடியதை அகற்ற வேண்டும், முடிந்தபின் அரை மணியோ ஒரு மணியோ கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். ஜன்னல் சட்டத்தில் ஹீட் கன் பிடித்துவிட்டு ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வரும் ஆளுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய எரிச்சலாகத்தான் இருக்கும். மரத்துக்குள் புகைந்துகொண்டிருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

காஸ் வேலையைத் தொடவே தொடாதீர்கள். கொதிகலனோ காஸ் அடுப்போ, காஸ் சேஃப் பதிவு இல்லாமல் செய்வது குற்றம்; காப்புறுதி பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான். மின்சாரத்தில் பழைய சொக்கட்டைக் கழற்றி அதே இடத்தில் புதிது பூட்டலாம். புதுச் சேர்க்கிட் இழுப்பது, பியூஸ் பெட்டி மாற்றுவது எல்லாம் இங்கிலாந்தில் கட்டட விதிகளின் பி (P) பகுதிப்படி அறிவிக்க வேண்டிய வேலைகள். உங்கள் பத்திரம் சொக்கட் மாற்றுவதை ஏற்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

உங்கள் ஏஜென்டின் நாற்பது வீடுகளில் பழைய வீடுகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணாந்து பாருங்கள். சீலிங்கில் சுழி சுழியாக, அலை அலையாக ஒரு பூச்சு இருக்கிறதா? ஆர்டெக்ஸ். இந்த நாட்டில் அஸ்பெஸ்டோஸ் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது 1999 இல். அதற்கு முந்திய பூச்சில் அது கலந்திருக்கக்கூடும். ஒரு விளக்குக் கொளுக்கி பூட்ட நாலு ஓட்டை போட்டாலே தூசு கிளம்பும். அதை முதலில் சுவாசிப்பது நீங்கள். அஸ்பெஸ்டோஸை அனேகமாக எல்லாப் பத்திரங்களும் விலக்கிவைத்திருக்கும். 2000 க்கு முந்திய கட்டடம் என்றால், ஏஜென்டிடம் அஸ்பெஸ்டோஸ் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேட்காமல் சீலிங்கைத் தொட வேண்டாம்.

இப்போது மச்சான்.

பப்ளிக் லயபிலிட்டி எடுக்கும்படி சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, கேட்பது ஏஜென்ட்தான். ஆனால் ஒருவரை வேலைக்கு வைத்தால் எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி, அதாவது முதலாளிப் பொறுப்புக் காப்புறுதி, சட்டப்படி கட்டாயம். 1969 ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது 5 மில்லியன் பவுணுக்கு இருக்க வேண்டும். இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண் வரை தண்டம். சான்றிதழை வேலை செய்பவர் பார்க்கும்படி வைக்காவிட்டால் அதற்கு வேறாக 1,000 வரை.

"நான் எங்கே முதலாளி? சனிக்கிழமை ஒருநாள் கூட வாறான், அவ்வளவுதான்" என்பீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? நீங்கள். ஏணி, டிரில் யாருடையது? உங்களுடையது. கூலி நாட்கணக்கிலா? ஆம். அப்படியானால் கையில் காசாகக் கொடுத்தாலும், கடதாசி எதுவும் இல்லாவிட்டாலும், காப்புறுதிக் கண்ணுக்கு அவர் உங்கள் தொழிலாளி. சொந்தக் கருவியோடு வந்து, தானே விலை சொல்லி, தன் பொறுப்பில் வேலை முடித்துக் கொடுக்கிறவர் வேறு வகை. அவருக்கு அவருடைய சொந்தக் காப்புறுதி இருக்க வேண்டும், அதன் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். மச்சான் அந்த வகை இல்லை.

குடும்பத்துக்கு விலக்கு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. சட்டத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள்: கணவன், மனைவி, தாய், தகப்பன், பாட்டன், பாட்டி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன், அவர்கள் வழிப் பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அரைச் சகோதரர் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். மச்சான் இல்லை. மருமகன் இல்லை. சித்தப்பா மகன் இல்லை. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறவர், செத்தவீட்டில் முன்னுக்கு நிற்கிறவர், வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றக்காரர் எழுதிய பட்டியலில் அந்நியர்! உங்கள் சொந்தத் தம்பி வந்தால் விலக்கு உண்டு, மனைவியின் தம்பி வந்தால் கிடையாது.

விலக்கு, தண்டம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வையுங்கள். மச்சான் ஏணியால் விழுந்து முதுகெலும்பு போனால் யார் பார்ப்பது? அவரும் குடும்பக்காரர்தான். வழக்குப் போட்டால் குடும்பம் உடையும், போடாவிட்டால் அவர் வாழ்க்கை உடையும். காப்புறுதி இருந்தால் வழக்கை நடத்துவதும் நட்டஈட்டைக் கட்டுவதும் கொம்பனி, நீங்கள் இல்லை. தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். வெறும் பப்ளிக் லயபிலிட்டி இந்த இடத்தில் உதவாது; உங்களிடம் வேலை செய்பவரின் காயம் அதில் விலக்கு. ஆகவே விண்ணப்பத்தில் "தொழிலாளர் எத்தனை பேர்" என்ற கேள்விக்குப் பூச்சியம் போடாதீர்கள். ஒருவர், பகுதிநேரம் என்று போடுங்கள். இரண்டும் ஒரே பத்திரத்தில் வரும். பிரீமியம் கூடத்தான் செய்யும், மறைக்கவில்லை. கையில் காசு கொடுக்கிற விஷயத்தை உங்கள் கணக்கரோடும் கதையுங்கள். அதற்குள் நான் தலையிடவில்லை.

கொம்பனி பதிந்தால் காப்புறுதி தேவையில்லை என்பது எங்கிருந்து வந்ததோ! லிமிட்டெட் கொம்பனி சில கடன்களிலிருந்து உங்களைக் காப்பாற்றும். ஆனால் டிரில்லைப் பிடித்தது உங்கள் கை. கவனக்குறைவாக வேலை செய்தவர் என்று உங்களைத் தனிப்பட்ட முறையிலும் வழக்கில் சேர்க்கலாம். ஏஜென்டும் காப்புறுதி இல்லாத கொம்பனியைத் தொடமாட்டார். இன்னொன்று, நான் சொன்ன குடும்ப விலக்கு லிமிட்டெட் கொம்பனிக்குக் கிடையாது. பாதிக்குக் குறையாத பங்குகளை வைத்திருக்கும் ஒரேயொருவர் மட்டும் வேலை செய்கிற கொம்பனிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மச்சான் வந்த நிமிடமே அதுவும் போய்விடும். பிற்பாடு கொம்பனி பதிந்தால் காப்புறுதிக்காரருக்கு உடனே சொல்லுங்கள். உங்கள் பெயரிலுள்ள பத்திரம் தானாகக் கொம்பனிக்கு மாறாது. சான்றிதழில் ஒரு பெயர், விலைச்சீட்டில் இன்னொரு பெயர் என்றால், நட்டஈடு கேட்கிற அன்று எல்லோருக்கும் தலையிடி.

எவ்வளவுக்கு எடுப்பது? பெரும்பாலும் 1, 2, 5 மில்லியன் என்று விற்பார்கள். ஏஜென்ட் கேட்பது 2. நீங்கள் ஹீட் கன் பாவிக்கிறவர், வரிசை வீடுகளில் வேலை செய்கிறவர். ஒரு வீட்டில் பிடித்த தீ கூரைவழியாக மூன்றாவது வீட்டுக்குப் போவதற்கு நேரம் எடுக்காது. சின்னப் பிள்ளை ஒன்றுக்கு ஆயுட்காலக் காயம் என்றால் தொகை வீட்டு விலையையே தாண்டும். நகரசபை வேலைகளுக்கு 5 மில்லியன் கேட்பது சாதாரணம். 2 க்கும் 5 க்கும் விலை கேட்டுப் பாருங்கள். தொகை இரண்டரை மடங்கு கூடுவதால் பிரீமியமும் இரண்டரை மடங்கு கூடாது. சொல்லும் விலையில் 12 சதவீதக் காப்புறுதி வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். முழுத் தொகையையும் தொழில் செலவாக வரிக் கணக்கில் கழிக்கலாம்.

கருவிகள், வான், உங்கள் சொந்தக் கைகால், இவை ஒன்றுக்கும் இந்தப் பத்திரம் பொறுப்பில்லை. வானுக்குத் தொழில் பாவனை சேர்ந்த வாகனக் காப்புறுதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நாற்பது வீட்டுத் திறப்புகள் உங்கள் கையில் வரப்போகின்றன; திறப்புத் தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவை ஏற்கும் ஒரு சேர்க்கை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் தரும் ஒப்பந்தத்தையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "என்ன நட்டம் வந்தாலும் ஒப்பந்தக்காரரே பொறுப்பு" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். சட்டப்படி உங்களுக்கு வரும் பொறுப்பைத்தான் காப்புறுதி ஏற்கும். அதற்கு மேலே கையெழுத்துப் போட்டு நீங்கள் வாங்கிக்கொண்டதை ஏற்காது.

ஒரு பழைய கோப்பு ஞாபகம் வருகிறது. பாரமான முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிளாஸ்டர்போர்டு சுவரில் பூட்டியிருந்தார் ஒரு ஹாண்டிமேன். கட்டிச் சுவருக்குரிய ஆணிப்பிடியைப் போட்டிருக்கிறார். அது நாலு மாதம் தாக்குப்பிடித்து, பிறகு ஒருநாள் குடியிருந்தவரின் காலில் விழுந்து இரண்டு விரல் முறிந்தது. பூட்டிய நாளில் அவரிடம் காப்புறுதி இருந்தது. நடுவில் குளிர்காலத்தில் வேலை குறைய, மாதக் காசு மிச்சம் என்று நிறுத்திவிட்டார். இந்த வகைப் பத்திரம் சேதம் நடக்கிற நாளைத்தான் பார்க்கும், வேலை செய்த நாளைப் பார்க்காது. கண்ணாடி விழுந்த நாளில் பத்திரம் இல்லை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போகிறேன், அதுவரை நிறுத்துங்கள் என்று வருடாவருடம் யாராவது கேட்பார்கள். நீங்கள் அடித்த தட்டுகள் லண்டனில்தானே நிற்கின்றன, அவை உங்களோடு ஊருக்கு வரவில்லையே என்பேன். பழைய பத்திரங்களையும் எறியாதீர்கள். காயத்துக்கு மூன்று வருடம் வரை வழக்கு வரலாம். காயப்பட்டது பிள்ளை என்றால் அந்த மூன்று வருடம் அதற்குப் பதினெட்டு வயதானபின்தான் ஓடத் தொடங்கும்.

திரும்ப ஒருநாள் பைப்பில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? தண்ணீரை மூடுங்கள், கீழ்வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லுங்கள், படம் எடுங்கள், அன்றைக்கே காப்புறுதிக்கு அறிவியுங்கள். மன்னிப்புக் கேட்கலாம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மன்னிப்புக் கேட்டது மட்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. ஆனால் "முழுக்க என் பிழை, எல்லாம் நான் கட்டித் தாறேன்" என்று சொல்லாதீர்கள், போன மாதம் போலக் காசும் எண்ணிக் கொடுக்காதீர்கள். தங்களைக் கேளாமல் பொறுப்பை ஏற்கக்கூடாது, தீர்வு பேசக்கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை இருக்கும். எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். ஒருவர் வீட்டுச் சீலிங்கிலிருந்து தண்ணீர் ஒழுகும்போது "என் காப்புறுதி உங்களோடு தொடர்புகொள்ளும்" என்று சொல்ல வாய் வராது. பக்கெட்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு போய்த் துடைத்துக் கொடுங்கள். அதற்குத் தடையில்லை.

வாங்கும்போது, விற்பவர் எஃப்சிஏ (FCA) என்ற நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அரைவிலைக்குச் சான்றிதழ் அனுப்புகிற "அண்ணைமார்" இருக்கிறார்கள். அதை ஏஜென்ட் காப்புறுதிக் கொம்பனிக்கு அனுப்பிச் சரிபார்த்தால் ஒரு நிமிடத்தில் அம்பலம், வேலையும் போய்விடும். நட்டஈட்டு விஷயத்தில் கொம்பனி அநியாயம் செய்கிறது என்று தோன்றினால் முதலில் அவர்களுக்கே முறையிடுங்கள். எட்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த இறுதிப் பதில் சரியில்லாவிட்டாலோ நிதிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். உங்களைப் போன்ற சிறு தொழில்காரருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றிரவு பிள்ளைகள் படுத்தபின் ஒரு கொப்பியை எடுத்து, இந்த மூன்று வருடத்தில் செய்த ஒவ்வொரு வேலை வகையையும் எழுதுங்கள். ஒரே ஒருமுறை செய்த கூரைப் பீலி உட்பட. அந்தப் பட்டியலையும், மச்சானையும், ஊறின சீலிங்கையும் ஒரு காப்புறுதிப் புரோக்கரிடம் மின்னஞ்சலில் அனுப்பி, "இவை எல்லாவற்றுக்கும் பத்திரம் பொறுப்பேற்குமா" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் வேண்டாம். முதலாளிப் பொறுப்புச் சான்றிதழ் கையில் வரும்வரைக்கும் சனிக்கிழமைகளில் மச்சானை வீட்டில் நித்திரை கொள்ள விடுங்கள்.